நேற்று நடந்ததைப் பேசுவோம்: குழந்தையின் நினைவும் தாயின் உரையாடலும்

நமது பஞ்சாயத்து அலுவலகத்தில் தீர்மானப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் நிகழ்ந்தவை யாவும் அதில் முறையாக எழுதப்படுகின்றன. எழுதப்படாத தீர்மானம் பின்னாளில் எவ்வளவு சச்சரவுக்கு இடமாகும் என்பதை உறுப்பினர் யாவரும் அறிவர். நிலத்திற்குச் சிட்டாவும் அடங்கலும் உள்ளன. பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடுகள் உள்ளன. ஆனால் நம் ஊரில் வளரும் ஒவ்வொரு குழந்தையும் தன் வாழ்வில் கண்டதையும் கேட்டதையும், மகிழ்ந்ததையும் அஞ்சியதையும் எந்த ஏட்டில் பதிந்து வைக்கிறது? அந்த ஏட்டின் முதற் பக்கங்களை எழுதுவதற்குக் கைபிடித்துக் கொடுப்பவர் யார்?

இக்கேள்வி வீட்டு விஷயமாயிற்றே, இதற்கும் கிராம வளர்ச்சிக்கும் தொடர்பு என்ன என்று சிலர் எண்ணக்கூடும். சாலையும் கிணறும் பள்ளிக் கட்டிடமும் மட்டும் வளர்ச்சி ஆகா. அவற்றை ஆளப் போகும் மக்களின் அறிவும் மனத்திண்மையும் வளர்ச்சியே. அவ்வறிவுக்கு ஐந்து வயதிற்கு முன்னரே அடித்தளம் இடப்படுகிறது. அவ்வேலையில் செலவின்றிச் செய்யத்தக்க ஒன்றைப் பற்றி அறிஞர் பலர் சென்ற நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். அதன் பயனை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறதி என்னும் திரை

நம் ஒவ்வொருவர் நினைவிலும் உள்ள முதல் நிகழ்ச்சி எது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்குத் தம்பி பிறந்த நாள் நினைவுக்கு வரும். மற்றொருவருக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது நினைவுக்கு வரும். அப்போது நமக்கு வயது என்ன என்று கணக்கிட்டால் பெரும்பாலும் மூன்றோ, மூன்றரையோ, நான்கோ ஆகும். அதற்கு முன் நிகழ்ந்தவை இருளில் மறைந்து கிடக்கின்றன. இந்த மறதியைப் பற்றி 1905-ஆம் ஆண்டிலேயே சிக்மண்ட் பிராய்டு எழுதியிருக்கிறார். மேலை நாடுகளில் பலமுறை கேட்டறிந்ததில் முதல் நினைவின் சராசரி வயது மூன்றிலிருந்து மூன்றரை வரை என்று தெரிய வந்துள்ளது.

அப்படியானால் இரண்டு வயதுக் குழந்தைக்கு நினைவே இல்லையா? உண்டு. சென்ற வாரம் ஊசி போட்ட வீட்டுப் பக்கம் போனாலே அழுகிற குழந்தையை நாம் கண்டதில்லையா? அந்நினைவு நெடுநாள் நிற்பதில்லை என்பதே குறை. அமெரிக்காவில் எமரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பாட்ரீஷியா பாவர் என்னும் அம்மையார் இதனை நேரே கண்டறிந்தார். மூன்று வயதுக் குழந்தைகள் தம் தாயுடன் பேசிய பழைய நிகழ்ச்சிகளை அவர் பதிவு செய்து வைத்தார். சில ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளையே அதே நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டார். 5 முதல் 7 வயது வரை உள்ளவர்கள் 60 சதவிகிதத்திற்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருந்தனர். 8, 9 வயதுக் குழந்தைகளுக்கோ 40 சதவிகிதத்திற்கும் குறைவாகவே நினைவில் இருந்தன. இம்முடிவுகள் 2014-இல் வெளியாயின. குழந்தைப் பருவ நினைவுகள் குழந்தைப் பருவத்திலேயே உதிர்ந்து விடுகின்றன என்பது இதனால் விளங்கும்.

விதைத்தவை யாவும் முளைப்பதில்லை. முளைத்தவை யாவும் விளைவதில்லை. எந்த நாற்று வேர் பிடிக்கிறது, எது வாடிப் போகிறது என்று ஆராய்வது உழவர்க்கு இயல்பு. அவ்வாறே எந்த நினைவு நிற்கிறது, எது மறைகிறது என்று ஆராயப் புகுந்தவர்கள் தாய் குழந்தையிடம் பேசும் முறையில் ஒரு முக்கியமான காரணத்தைக் கண்டனர்.

இருவகைப் பேச்சு

எமரி பல்கலைக் கழகத்தில் ராபின் ஃபிவுஷ் என்பவர் 1980-களில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தாயும் குழந்தையும் தம் வீட்டில் அமர்ந்து, முன்பு நடந்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும்; அவ்வளவே. அப்பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது தாய்மார் இருவகையாகப் பேசுவது தெரிந்தது. அந்த இருவகையையும் நம் வீட்டுப் பேச்சிலேயே காட்டுவது எளிது. பின்வருபவை விளக்கத்திற்காக நாம் அமைத்தவை.

முதல் வகை:

“நேத்துச் சந்தையிலே என்னடா பார்த்தே?”

“ஆடு.”

“அப்புறம்?”

குழந்தை விழிக்கிறது.

“அப்புறம் என்ன பார்த்தே? சொல்லு. அதுக்குள்ளே மறந்துட்டியா?”

“தெரியலே.”

இரண்டாம் வகை:

“நேத்து நாம ரெண்டு பேரும் சந்தைக்குப் போனோமே, கீரைக்காரப் பாட்டி கடையிலே ஒரு ஆடு வந்துச்சே, அது என்ன பண்ணுச்சு கண்ணு?”

“கீரையைத் தின்னுச்சு.”

“ஆமா! ஒரு கட்டு முழுசும் தின்னுடுச்சு. பாட்டி பார்க்கவே இல்லே. பார்த்ததும் என்ன சொன்னாங்க?”

“ஓடு ஓடுன்னாங்க.”

“கையிலே என்ன வச்சிருந்தாங்க?”

“விசிறி.”

“விசிறியாலே ஒண்ணு வச்சாங்க. நீ அப்போ அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டியே, ஏன்?”

“பயம். கொம்பு இருந்துச்சு.”

“பெரிய கொம்புதான். பயமாத்தான் இருந்திருக்கும். அப்புறம் பாட்டி உனக்கு ஒண்ணு குடுத்தாங்களே?”

“கொய்யாப்பழம்!”

முதல் தாய் குழந்தையிடம் பரீட்சை நடத்துகிறாள். விடை வராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாள். குழந்தைக்குப் பற்றிக் கொள்ளக் கொம்பு ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டாம் தாயோ ஒவ்வொரு கேள்வியிலும் சிறிது செய்தியும் சேர்த்துத் தருகிறாள். குழந்தை சொன்னதை ஏற்று, அதனை வளர்த்து, அடுத்த படிக்கு அழைத்துச் செல்கிறாள். யார், எங்கே, எப்போது, ஏன் என்பவை யாவும் அப்பேச்சில் வந்து விடுகின்றன. குழந்தையின் அச்சத்தையும் அவள் மறுக்கவில்லை. இவ்வகையை விரித்துரைத்தல் என்றும், முன்னதைத் திரும்பக் கேட்டல் என்றும் நாம் வழங்கலாம்.

இரண்டாம் தாய் அன்புடையவள், முதல் தாய் அன்பற்றவள் என்று எண்ணிவிடலாகாது. இருவரும் அன்புடையவர்களே. நிறையப் பேசும் தாய்மாரிலும் பழையதைப் பேசும்போது மட்டும் சுருங்கிவிடுவோர் உண்டு. இது குணத்தைப் பொறுத்ததன்று, பழக்கத்தைப் பொறுத்தது. பழக்கமாதலின் கற்றுக் கொள்ளவும் கூடும்.

ஈலேன் ரீஸ், காதரின் ஹேடன், ராபின் ஃபிவுஷ் ஆகிய மூவரும் ஒரே தாய்மாரையும் குழந்தைகளையும் 40, 46, 58, 70 மாத வயதுகளில் நான்கு முறை கண்டு, முடிவை 1993-இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் விரித்துரைத்த தாய்மாரின் குழந்தைகள் பின்னாளில் தம் பழைய அனுபவங்களை மிகுதியாகவும் தெளிவாகவும் எடுத்துச் சொன்னார்கள்.

செயல்விளக்கத் திடல்

இங்கே அனுபவமுள்ள உழவர் ஒருவர் தடை எழுப்பக் கூடும். “நல்ல நிலம் வைத்திருப்பவன் நல்ல விதையும் வாங்குகிறான். விளைச்சல் நிலத்தாலா, விதையாலா என்று எப்படிச் சொல்வது? சூட்டிகையான குழந்தையிடம் எந்தத் தாயும் நிறையத்தானே பேசுவாள்?” என்பார். தடை சரியானதே. இதற்கு விடை காண, வேளாண்மைத் துறையினர் என்ன செய்வார்கள்? ஒரே தன்மையுள்ள நிலத்தை இரு பாத்திகளாகப் பிரித்து, ஒன்றில் புது முறையையும் மற்றொன்றில் பழைய முறையையும் கைக்கொண்டு, விளைச்சலை அளந்து பார்ப்பார்கள். தாய்மாரின் பேச்சைப் பற்றியும் அத்தகைய சோதனைகள் நடைபெற்றுள்ளன.

அவற்றுள் சிறந்தது நியூசிலாந்து நாட்டின் டுனெடின் நகரில் நடந்தது. அங்குள்ள ஓடாகோ பல்கலைக் கழகத்தில் ஈலேன் ரீஸும் ரியானன் நியூகோம்பும் 115 தாய்மாரைச் சேர்த்தனர். குழந்தைகளுக்கு அப்போது ஏறத்தாழ ஒன்றரை வயது. தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு, குழந்தைக்கு இரண்டரை வயது ஆகும் வரை, விரித்துரைக்கும் முறை கற்பிக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. 2007-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற தாய்மார் தம் பேச்சு முறையை மாற்றிக் கொண்டனர்; அவர்தம் குழந்தைகள் தாயுடன் பேசும்போது பழைய நிகழ்ச்சிகளை வளமாக நினைவு கூர்ந்தனர்.

ஒரு நுட்பமும் அதில் தெரிய வந்தது. கண்ணாடியில் தெரியும் உருவம் தன்னுடையதே என்று உணரும் தன்மை சோதனைத் தொடக்கத்திலேயே நன்கு அமைந்திருந்த குழந்தைகள், அந்நியரிடம் பேசும்போதும் தம் நினைவுகளைத் துல்லியமாகக் கூறினர். ‘நான்’ என்ற உணர்வு முளைத்த பிறகே ‘எனக்கு நடந்தது’ என்ற நினைவு அதன்மேல் படரக் கூடும் போலும். கொழுகொம்பு நட்ட பிறகுதான் கொடி ஏறும்.

இவர்களுள் பலரை 15 வயதில் மீண்டும் கண்டனர். தம் வாழ்வின் திருப்புமுனையான நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்படி கேட்டபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் மக்கள், அந்நிகழ்ச்சி தம்மை எவ்வாறு மாற்றியது என்பதைக் கோவையாக எடுத்துரைத்தனர். மனச்சோர்வின் அறிகுறிகளும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன. ஓராண்டுப் பயிற்சியின் பயன் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் தெரிந்தது என்பது சிறிய செய்தியன்று.

இது வசதி படைத்தோர் வீட்டுக்கு மட்டுமே உரிய முறை என்று கருத வேண்டுவதில்லை. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கேரல் பீட்டர்சன் முதலியோர் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 20 தாய்மாரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். அவர்களில் ஒரு பகுதியினர்க்கு ஓராண்டு காலம் இம்முறை கற்பிக்கப்பட்டது. ஆண்டு முடிவில் குழந்தைகளின் சொல்வளம் பெருகியிருந்தது. அதற்கடுத்த ஆண்டில் அவர்கள் நிகழ்ச்சியைக் கோவையாகச் சொல்லும் திறமும் வளர்ந்திருந்தது. இது 1999-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் வறிய குழந்தைகளுக்கென அரசு நடத்தும் முன்பள்ளிகளைச் சேர்ந்த தாய்மாரிடையே மற்றொரு சோதனை நடைபெற்றது. சிலருக்குப் படப் புத்தகத்தைக் குழந்தையுடன் உரையாடிப் படிக்கும் முறையும், சிலருக்குப் பழைய நிகழ்ச்சியை விரித்துப் பேசும் முறையும் கற்பிக்கப்பட்டன. குழந்தைகள் கதையைக் கோவைப்படச் சொல்லும் திறத்தில் இரண்டாவது முறையே மேலோங்கி நின்றது என்று 2010-இல் தெரிவித்தனர். புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டிலும் நேற்றைய தினம் என்ற புத்தகம் இருக்கிறது. எழுத்தறியாத தாயும் அதைப் படித்துக் காட்டலாம்.

பேச்சு எவ்வாறு நினைவாகிறது?

இதன் காரணங்களை நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, வரிசை. குழந்தையின் மனத்தில் ஆடும் கீரையும் விசிறியும் கொய்யாப்பழமும் சிதறிக் கிடக்கின்றன. தாயின் பேச்சு அவற்றை முன், பின், அதனால், பிறகு என்று ஒரு நூலில் கோக்கிறது. கோத்த மணி சிதறுவதில்லை.

இரண்டாவது, மீண்டும் நடத்தல். வரப்பில் ஒருவர் ஒருமுறை நடந்தால் தடம் தெரியாது. நாள்தோறும் நடந்தால் பாதையாகி விடும். பேசப்பட்ட நிகழ்ச்சியும் அத்தகையதே.

மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயர். குழந்தைக்குப் பயமும் கோபமும் வெட்கமும் உண்டு. அவற்றிற்குப் பெயர் தெரியாது. “அப்போ உனக்குப் பயமா இருந்துச்சு” என்று தாய் சொல்லும்போது குழந்தைக்குத் தன் மனம் தனக்கே தெரிகிறது.

நான்காவது, ‘தான்’ என்னும் தெளிவு. ஒரே சந்தையில் அம்மா சிரித்தாள், தான் அஞ்சியது என்று அறியும் குழந்தை, ஒவ்வொருவர் மனமும் வெவ்வேறு என்பதை உணர்கிறது. பிறர் மனத்தை அறிதலுக்கு அதுவே முதற்படி.

நிகழ்ச்சி முடிந்தபின் பேசுவது மட்டுமன்றி, நிகழும்போதே பேசுவதும் பயன் தரும். நியூயார்க் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குத் தாய்மார் மூன்றரை வயதுக் குழந்தைகளை அழைத்துச் சென்றனர். பின்னர் கேட்டபோது, தாயும் குழந்தையும் சேர்ந்து பேசிய பொருள்களையே குழந்தைகள் நினைவில் வைத்திருந்தன. ஒருவர் மட்டுமே பேசியவையும், பேசாமல் பார்த்துச் சென்றவையும் நினைவில் நிற்கவில்லை. 1994-இல் வெளியான இவ்வாராய்ச்சியைச் செய்தவர்கள் மிண்டா டெஸ்லரும் காதரின் நெல்சனும் ஆவர். கண் பார்த்தது மட்டும் போதாது. இரு வாயும் சேர்ந்து சொன்னதே நிற்கிறது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

நியூசிலாந்தின் தொல்குடியினர் மாவோரி மக்கள். குலவரலாற்றையும் முன்னோர் செய்திகளையும் வாய்மொழியாகப் போற்றிக் காக்கும் மரபு அவர்களுடையது. ஓடாகோ பல்கலைக் கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயது நிறைவதற்கு முன்பே தொடங்குகிறது. அந்நாட்டு ஐரோப்பிய வழியினரின் முதல் நினைவு அதற்குப் பிற்பட்டது. சீனர்களின் முதல் நினைவு அமெரிக்கர்களைவிட ஏறத்தாழ ஆறு மாதம் பிந்தித் தொடங்குகிறது என்று கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சீ வாங் 2001-இல் எழுதினார். சீனத் தாய்மார் பழையதைப் பேசும்போது ஒழுக்கத்தையும் கடமையையும் மிகுதியாகப் பேசுகின்றனர்; குழந்தையின் தனி உணர்ச்சியைக் குறைவாகப் பேசுகின்றனர் என்பதும் அவர் கண்டது. இதில் உயர்வு தாழ்வு கற்பிக்க வேண்டுவதில்லை. ஒரு சமுதாயம் எதைப் போற்றிப் பேசுகிறதோ, அதைக் குழந்தைகள் நினைவில் கொள்கின்றன என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

துயரத்தையும் பேச வேண்டுமா?

வீட்டில் இறப்பு நேர்கிறது. வெள்ளம் வந்து ஆட்டையும் கோழியையும் அடித்துக் கொண்டு போகிறது. தந்தை பிழைப்புக்காக வெளியூர் சென்று விடுகிறார். அத்தகைய நேரத்தில் “குழந்தைக்கு என்ன தெரியும்? பேசாமல் இருந்தால் மறந்துவிடும்” என்று பெரியவர்கள் வாயை மூடிக் கொள்வதுண்டு. நல்லெண்ணத்தால் செய்வதேயாயினும் அது முற்றும் சரியன்று. குழந்தைக்கு வருத்தம் இருக்கிறது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத வருத்தத்திற்குக் குழந்தை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொள்ளும். ‘நான் குறும்பு செய்ததால்தான் தாத்தா போய்விட்டார்’ என்றுகூட அது எண்ணிக் கொள்ளும்.

ஆகவே குழந்தை கேட்கும்போது, அதன் வயதுக்கு ஏற்ற சில சொற்களில், நடந்ததையும் அதன் காரணத்தையும், இப்போது யார் உடன் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். “தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியலே. உன்னாலே இல்லே. எனக்கும் அழுகையா வருது. தாத்தா உனக்கு ஊஞ்சல் கட்டினாரே, ஞாபகம் இருக்கா?” என்று பேசலாம். குழந்தை பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தலாகாது.

குழந்தைகளைப் புறக்கணித்ததாகவோ கொடுமை செய்ததாகவோ கண்டறியப்பட்ட தாய்மாருக்கும் இம்முறை கற்பிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வாலண்டினோ இத்தகைய குடும்பங்களுக்கு வாரம் ஒரு முறையாக ஆறு வாரங்கள் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் திட்டத்தை அமைத்தார். அத்தாய்மாரும் தம் குழந்தையின் உணர்ச்சியை அறிந்து விரித்துப் பேசக் கற்றுக் கொண்டனர். திருந்துவதற்கு வாயில் எவருக்கும் அடைக்கப்படவில்லை.

ஓர் எச்சரிக்கை

உரமாயினும் அளவு மீறினால் பயிரைக் கருக்கிவிடும். பேச்சு நினைவை வளர்க்கும் என்றால், பொய்ப்பேச்சு பொய் நினைவையும் வளர்க்கும் அன்றோ? சுவிட்சர்லாந்து நாட்டுப் பேரறிஞர் ஜீன் பியாஜே தம் அனுபவத்தையே இதற்குச் சான்றாகக் கூறியுள்ளார். தமக்கு இரண்டு வயதாயிருக்கையில் பாரிஸ் நகரத்து வீதியில் ஒருவன் தம்மைக் கடத்த முயன்றதும், தாதி அவனோடு போராடி முகத்தில் கீறல் பட்டதும், காவலர் வந்ததும் அவருக்குக் கண்ணெதிரே நிற்பது போல் நினைவிருந்தன. அவருக்குப் பதினைந்து வயதானபோது அத்தாதி அவர் பெற்றோர்க்குக் கடிதம் எழுதினாள். அக்கதை முழுதும் தான் கட்டியது என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பித் தந்துவிட்டாள். நடவாத ஒன்று, கேட்டுக் கேட்டு, நடந்த நினைவாகி விட்டது!

கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஸ்டீபன் செசி முதலியோர் 1994-இல் வெளியிட்ட சோதனையிலும் இதுவே தெரிந்தது. எலிப்பொறியில் விரல் மாட்டிக் கொண்டது போன்ற நடவாத நிகழ்ச்சிகளைப் பற்றிப் பள்ளி செல்லா வயதுக் குழந்தைகளைப் பல வாரங்கள் நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டனர். முடிவில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் குறைந்தது ஒரு நடவாத நிகழ்ச்சியையேனும் நடந்ததாக விவரித்தனர்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு யாரோ தீங்கு இழைத்ததாகப் புகார் எழும்போது, ஊர்ப் பெரியவர்கள் கூடி அக்குழந்தையை நடுவில் நிறுத்தி, “இன்னார்தானே செய்தார்? இப்படித்தானே செய்தார்?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பது பெருந்தவறு. அது குழந்தையின் மனத்தைப் புண்படுத்துவதோடு, உண்மையான நினைவையும் கலக்கி, குற்றவாளி தப்பவோ குற்றமற்றவர் சிக்கவோ வழி வகுக்கும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஊரில் சமரசம் செய்து மூடிவிட யாருக்கும் உரிமையில்லை. குழந்தை தானாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, சொன்ன சொற்களை மாற்றாமல் மனத்தில் கொண்டு, உடனே காவல்துறைக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசிக்கோ தெரிவிப்பதே நம் பணி.

வீட்டில் செய்யத்தக்கவை

1. நாளில் பத்து நிமிடம் போதும். தலைவாரும் நேரம், குளிப்பாட்டும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவை ஏற்றவை. தனியே நேரம் ஒதுக்க வேண்டுவதில்லை.

2. குழந்தையோடு சேர்ந்து கண்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கொள்ள வேண்டும். கன்று ஈன்றது, பேருந்தில் சென்றது, மழையில் நனைந்தது போன்ற எதுவாயினும் ஆகும்.

3. யார், என்ன, எங்கே, ஏன், எப்படி என்று கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைக்க வேண்டும்.

4. விடை வராவிட்டால் அதே கேள்வியைத் திரும்பக் கேளாமல், சிறு செய்தி ஒன்றைச் சேர்த்து வேறு விதமாகக் கேட்க வேண்டும்.

5. குழந்தை சொன்னதை ஏற்று, பாராட்டி, வளர்க்க வேண்டும். சிறு பிழை இருப்பின் ஏளனம் செய்யாது, “எனக்கு வேறு மாதிரி ஞாபகம்” என்று சொல்லலாம்.

6. நடவாததை நடந்ததாகச் சொல்லலாகாது. விளையாட்டுக்காக அச்சுறுத்தும் பொய்க்கும் இது பொருந்தும்.

7. ஆண் குழந்தையிடமும் வருத்தத்தையும் அச்சத்தையும் பற்றிப் பேச வேண்டும். “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று வாயை அடைப்பது நன்றன்று.

ஆராய்ச்சிகள் பெரும்பாலும் தாய்மாரையே நோக்கி நடந்தவை. ஆயினும் தாய் வயலுக்குச் சென்றபின் குழந்தையைப் பேணும் பாட்டியும், மாலையில் திண்ணையில் அமரும் தந்தையும் இதனைச் செய்யலாகாது என்று எந்த நூலும் சொல்லவில்லை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

நாள் முழுதும் களையெடுத்து, மாலையில் குடத்துடன் குழாயடியில் காத்து நின்று, இரவில் அடுப்பு மூட்டும் தாயிடம் சென்று, “குழந்தையுடன் விரித்துப் பேசு” என்று உபதேசம் செய்வது எளிது. அவளுக்கு நேரம் எங்கே? தாய் பேசாமைக்குக் காரணம் பல வீடுகளில் மனமின்மையன்று, களைப்பே. தெருக்குழாயில் குறித்த வேளையில் தண்ணீர் வரச் செய்யும் பஞ்சாயத்து, தாய்க்கு அரை மணி நேரத்தை மீட்டுக் கொடுக்கிறது. அந்த அரை மணியில் ஒரு பகுதி குழந்தைக்குச் சேரும். ஆகவே குடிநீர்த் திட்டமும் குழந்தை வளர்ப்புத் திட்டமே என்று நாம் கூறுவதில் மிகையில்லை.

அங்கன்வாடி மையங்கள் 1975-இல் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நம் கிராமங்களில் இயங்கி வருகின்றன. அங்கே தாய்மார் கூடும் நாளில் எடை பார்ப்பதோடும் சத்துணவைப் பற்றிப் பேசுவதோடும் இதனையும் பத்து நிமிடம் பேசலாம். ஒரு தாயைத் தம் குழந்தையுடன் அவ்விடத்திலேயே பேசச் சொல்லி மற்றவர்கள் பார்க்கும்படி செய்தால், சொற்பொழிவைவிட அது நன்கு பதியும். மையத்துப் பணியாளர், “இன்று மையத்தில் தோட்டத்துக்குப் போனோம், கத்தரிச் செடியில் பூ பார்த்தோம்” என்று மாலையில் தாயிடம் ஒரு வரி சொல்லி அனுப்பினால், வீட்டில் பேச்சுக்கு விதை கிடைக்கும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தீர்மானம்கூடத் தேவையில்லை. கிராம சபையில் ஒருவர் எழுந்து எடுத்துச் சொன்னால் போதும்.

முடிவாக, தீர்மானப் புத்தகத்திற்கே திரும்புவோம். அதில் எழுதுபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் பலர். குழந்தையின் நினைவேடும் அத்தகையதே. எழுத வேண்டியது குழந்தை. உடனிருந்து ஒப்பமிட வேண்டியவர் நாம். இன்று இரவு விளக்கை அணைக்கு முன், “இன்னிக்கு நாம என்ன பார்த்தோம்?” என்று தொடங்குவோமாக. விடை வரும் வரை காத்திருப்போமாக.